மாமனார் வீட்டு வம்சப் பட்டியலில் வேல்ஸ் அரசர்: எவ்வளவு நம்பலாம்?

தேன்மொழி_கார்டிஃப்

எல்லோருக்கும் வணக்கம். வேல்ஸ் வரலாறு தெரிந்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறார்கள் என்று நம்பிக் கேட்கிறேன்.

என் கணவர் வேல்ஸ்காரர். குடும்பப் பெயர் ப்யூ. பூர்வீகம் வடக்கே மெரியோனெத் பக்கம், டொல்கெத்லை ஊருக்கு அருகில் லானெல்டிட். மாமனார் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி போட்ட பெரிய வம்சப் பட்டியல் ஒன்று மாட்டியிருக்கிறது. உச்சியில் 1170-இல் இறந்த அரசர் ஓவைன் க்வினெத். அங்கிருந்து கோடு இறங்கி இறங்கி மாமனாரின் தாத்தாவில் வந்து நிற்கிறது. ஓரமெல்லாம் சிங்கம், கேடயம், தங்க மை. மாமனாரின் அப்பா யாரிடமோ காசு கொடுத்து வரைந்து வாங்கினாராம்.

மகளுக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். "நான் இளவரசியா அம்மா?" என்று ஒரே நச்சரிப்பு. சரி, மத்திய கால அரச வரலாறுகளையே எடுத்துப் படித்துவிடுவோம் என்று ‘ப்ருட் ய தவசோகியோன்’, அதாவது இளவரசர்களின் வரலாறு, ஆங்கில மொழிபெயர்ப்பில் வாங்கினேன். பத்துப் பக்கத்துக்குள் தலை சுற்றுகிறது. ஒரு கிரிஃபித் இன்னொரு கிரிஃபித்தைக் கொல்கிறான், அவன் மகன் இவன் மகனின் கண்ணைப் பிடுங்குகிறான். இதில் எங்கள் வீட்டாரை எங்கே தேடுவது?

பழைய_கிளார்க்

அம்மா, அந்தப் புத்தகத்தை முதலில் மூடி வையுங்கள்.

நான் பத்திரப் பதிவில் காலம் தள்ளியவன். ஓய்வுக்குப் பிறகு பிரிட்டிஷ் பதிவேடுகளில் பிறருக்காகத் தேடிக் கொடுப்பது பொழுதுபோக்கு. எப்போதும் கீழிருந்து மேலே போக வேண்டும். மேலிருந்து கீழே வருகிற பட்டியல் எல்லாம் யாரோ ஒருவர் ஆசைக்கு வரைந்தது.

பிறப்பு, திருமணம், இறப்புக்கான அரசுப் பதிவு 1837-இல் தொடங்கியது. வீட்டுவாரியாகப் பெயர் போட்ட கணக்கெடுப்பு 1841-லிருந்து கிடைக்கும். 1891-இல் வேல்ஸில் ‘எந்த மொழி பேசுகிறாய்’ என்ற கேள்வியும் சேர்ந்தது, பார்க்கவே சுவையாக இருக்கும். அதற்கு முன்னால் போனால் தேவாலயப் பதிவேடு. சட்டப்படி 1538-லிருந்து எழுதியிருக்க வேண்டும், ஆனால் வேல்ஸில் பல ஊர்களுக்கு 1660-க்கு முந்தைய ஏடு மிஞ்சவில்லை. 1858-க்கு முந்தைய உயில்கள் அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. இணையத்தில் படமாகவே இலவசம்.

இதையெல்லாம் முடித்துவிட்டு அரசரிடம் போகலாம். பெரும்பாலும் போக வேண்டிய தேவையே வராது.

பொடிநடை

மாமனாரிடம் போய் ‘உங்கள் அரசரைக் கழற்றி வையுங்கள்’ என்று சொல்லப் போகிற மருமகளை நினைத்தால் எனக்கே வயிற்றைக் கலக்குகிறது.

கணக்கு_வாத்தியார்

கிளார்க் சார் சொல்வது முறைக்குச் சரி. ஆனால் "நான் இளவரசியா" என்று குழந்தை கேட்டதற்குக் கணக்கில் ஒரு பதில் உண்டு.

ஒரு தலைமுறைக்கு 30 ஆண்டு என்று வைத்தால் 1170-லிருந்து இன்றுவரை சுமார் 28 தலைமுறை. பெற்றோர் 2, தாத்தா பாட்டி 4 என்று இரட்டித்துக்கொண்டே போனால் 28-ஆவது படியில் 26,84,35,456 இடங்கள் நிரப்ப வேண்டும். 1300 வாக்கில் வேல்ஸின் மொத்த மக்கள்தொகையே மூன்று லட்சம் அளவில்தான் என்று மதிப்பிடுகிறார்கள். ஆக, ஒரே ஆள் ஆயிரம் வழிகளில் முன்னோராக வந்துதான் ஆக வேண்டும். ஓவைன் க்வினெத்துக்குப் பல பெண்களிடம் ஏராளமான பிள்ளைகள். அந்த மலைநாட்டிலேயே தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பம் என்றால், அவர் எங்காவது ஒரு கிளையில் வராமலிருப்பதுதான் அதிசயம்.

ஆனால் அதே கணக்குப்படி அவருடைய ஆடு மேய்ப்பவனும் முன்னோன்தான். பட்டியல் வரைந்தவர் அந்த ஆளை விட்டுவிட்டார்.

ஓலைக்கட்டு

வாத்தியார் கணக்கை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ‘ஏதோ ஒரு வழியில் வருகிறார்’ என்பது வேறு, ‘இந்தக் கோட்டின் வழியாக வருகிறார்’ என்பது வேறு. கண்ணாடிச் சட்டத்துக்குள் இருப்பது இரண்டாவது.

கிளார்க் சாருடன் எனக்கு ஒரு சின்ன வழக்கு இருக்கிறது. அரச வரலாற்றை மூடி வைக்கச் சொல்ல வேண்டாம். எதற்குப் படிக்கிறோம் என்று தெரிந்து படித்தால் போதும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

வேல்ஸில் வம்சாவளி என்பது பெருமைக்கு மட்டும் வைத்திருந்த பொருள் அல்ல. சட்டத்துக்கே அது வேண்டியிருந்தது. ஹவெல் தா என்ற அரசர் 950 வாக்கில் இறந்தவர். அவர் பேரில் வழங்கும் சட்டங்கள் நமக்குக் கிடைத்திருப்பது 13-ஆம் நூற்றாண்டு முதலான சுவடிகளில். அதன்படி ஒருவன் கொலை செய்தால் அதற்கு ஈட்டுத்தொகை உண்டு. கலனாஸ் என்று பெயர். அதைக் கொலைகாரன் மட்டும் கட்டுவதில்லை. மூன்றில் இரண்டு பங்கு தகப்பன் வழிச் சொந்தம், ஒரு பங்கு தாய் வழிச் சொந்தம். ஐந்தாறு தலைமுறை விலகிய பங்காளி வரை தலைக்கு இவ்வளவு என்று வந்துவிடும். நம் பங்காளி யார் என்று தெரியாமல் அங்கே குடித்தனம் நடத்த முடியாது.

நிலமும் அப்படித்தான். மூத்தவனுக்கே எல்லாம் என்ற வழக்கம் இல்லை. மகன்கள் எல்லோருக்கும் சமபங்கு. கடைசிப் பையன் பங்கு பிரிக்க, மூத்தவன் முதலில் தேர்ந்தெடுப்பது முறை. தகப்பன் ஏற்றுக்கொண்டால் திருமணத்துக்கு வெளியே பிறந்தவனுக்கும் பங்கு உண்டு. நிலத்தைக் கோரி வழக்குக்கு வருகிறவன் தன் தகப்பன், பாட்டன், பூட்டன் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1190-களில் எழுதிய ஜெரால்ட் ஆஃப் வேல்ஸ், சாதாரணக் குடியானவன்கூட ஆறு ஏழு தலைமுறை முன்னோரை மனப்பாடமாகச் சொல்வான் என்கிறார். வியந்துதான் எழுதுகிறார், ஆனால் அவரும் சும்மா இல்லை. அவர் பாட்டி நெஸ்ட், தெஹைபார்த் அரசர் ரீஸ் ஆப் டியூடரின் மகள். தன் குடும்பக் கதையைப் புத்தகம் நெடுகத் தூவிக்கொண்டே போகிற மனிதர்.

அதே ஜெரால்ட் இன்னொன்றும் சொல்கிறார். பாணர்கள் வைத்திருக்கும் ஏடுகளில் அரச வம்சம் ரோட்ரி மவுர் என்ற 9-ஆம் நூற்றாண்டு அரசரிலிருந்து கன்னி மரியாள் காலத்துக்குப் போய், அங்கிருந்து ட்ராய் நகரத்து ஈனியாஸுக்குப் போய், கடைசியில் ஆதாமில் முடிகிறதாம். ஹார்லி 3859 என்ற சுவடியில் (1100 வாக்கில் படியெடுத்தது, உள்ளடக்கம் 10-ஆம் நூற்றாண்டு) அரச வம்சத்தின் உச்சியில் அன்னா என்று ஒரு பெண் இருக்கிறாள். கன்னி மரியாளின் ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்கிறார்கள் எனக் குறிப்பு வேறு. ஆகவே பட்டியலின் உச்சிக்குப் போகப் போக அரசியல், நடுவில் ஓரளவு வரலாறு.

இன்னொரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இளவரசர் லெவெலின் 1282 டிசம்பர் 11 அன்று கில்மெரி அருகே கொல்லப்பட்டார். அவருக்கு ஒரே மகள், க்வென்லியன். கைக்குழந்தையாக இருந்தபோதே லிங்கன்ஷயரில் செம்ப்ரிங்கம் மடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கன்னியாஸ்திரியாகவே இருந்து 1337-இல் இறந்தாள். ஆக, ‘கடைசி லெவெலின் வழி வந்தவர்கள் நாங்கள்’ என்று ஒரு பட்டியல் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடலாம். பிற்காலப் பட்டியல்கள் சிலவற்றில் கேத்தரின் என்று இன்னொரு மகள் முளைக்கிறாள். வரலாற்றாளர்கள் அவளை ஏற்பதில்லை. லெவெலினின் தம்பி டேவிடை 1283-இல் ஷ்ரூஸ்பரியில் கொடூரமாகக் கொன்றார்கள், அவர் மகன்கள் பிரிஸ்டல் கோட்டைச் சிறையில். இங்கிலாந்து அரசர் எட்வர்ட் அந்தக் கிளையை வெட்டியது எவ்வளவு திட்டமாக என்று வரலாற்றைப் படித்தால்தான் புரியும்.

உங்கள் மாமனார் பட்டியல் அந்த லெவெலினைச் சொல்லாமல் அவருக்கு நான்கு தலைமுறை முந்தைய ஓவைனைச் சொல்கிறது. வரைந்தவர் விவரமான ஆள்.

பொடிநடை

ஆதாமில் முடிந்தால் நாங்களும் உறவுதான். மாமனாரிடம் சொல்லுங்கள், சொத்தில் பங்கு கேட்க மாட்டோம்.

ஸ்வான்சி_டாக்டர்

தேன்மொழி, ‘ப்யூ’ என்பதே ‘ஆப் ஹ்யூ’, ஹ்யூவின் மகன் என்பதன் குறுக்கம் என்று கணவர் சொல்லியிருப்பார். ஆப் ரீஸ் பிரைஸ் ஆனது, ஆப் ஹவெல் பவல் ஆனது, ஆப் ஓவன் போவன் ஆனது எல்லாம் இதே கதை. என்னிடம் வரும் நோயாளிகளில் பாதிப்பேர் ஜோன்ஸ், டேவிஸ், இவான்ஸ். இதிலே எந்த ஜோன்ஸ் என்று பிரிக்கவே தனித் திறமை வேண்டும்.

நம் ஊரில் இனிஷியல் போடுகிற மாதிரிதான். அப்பா பெயர் ஒட்டும், தாத்தா பெயர் போய்விடும். உதாரணத்துக்கு, ஒரு ராபர்ட்டின் அப்பா ஹ்யூ என்றால் அவர் ராபர்ட் ப்யூ. அவர் மகன் ஜான், பழைய முறைப்படி ஜான் ராபர்ட்ஸ். எந்தத் தலைமுறையில் ‘இனி இதுதான் நிலையான பெயர்’ என்று நிறுத்தினார்களோ அங்கே உறைந்தது. பணக்காரக் குடும்பங்கள் 16-ஆம் நூற்றாண்டிலேயே நிறுத்தின. மலைக்கிராமங்களில் 19-ஆம் நூற்றாண்டு தொடக்கம் வரைகூடப் பழைய முறை ஓடியது. ஆகவே ‘ப்யூ வம்சம்’ என்று 500 ஆண்டுக்கு ஒரே பெயரில் கோடு இழுத்திருந்தால் அது பொய் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

டி.என்.ஏ. பரிசோதனை செய்து அரசரைப் பிடிக்கலாமா என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி பாதியாகப் பிரிவதால் பத்துத் தலைமுறைக்கு அப்பால் பல முன்னோரின் டி.என்.ஏ. நம்மிடம் ஒரு துளிகூட இருக்காது. அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோம் அப்படியே இறங்கும், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஓவைன் க்வினெத்தின் மாதிரி வேண்டுமே. அவரைப் பாங்கர் பேராலயத்தில் புதைத்தார்கள். சொந்த மாமன் மகளைக் கட்டியவர் என்று திருச்சபைக்கு அவர் மேல் கோபம். 1188-இல் வந்த பேராயர் பால்ட்வின், உடலை வெளியே எடுத்துவிடச் சொல்லி உத்தரவு போட்டார்.

மதுரை_மைந்தன்

மாமன் மகளைக் கட்டியது குற்றமா? அப்படியென்றால் எங்கள் ஊரில் ஒருவரையும் புதைக்க முடியாது. நம் சோழர்களும் சூரியனில் தொடங்கித்தானே

நிர்வாகி

சோழர் இழை தனியாக இருக்கிறது, அங்கே போய்ப் பேசுங்கள். இங்கே வேல்ஸ்.

தேன்மொழி_கார்டிஃப்

எல்லோருக்கும் நன்றி. டாக்டர், பட்டியலில் 1500-லிருந்தே எல்லோரும் ப்யூதான்! ஒரே பெயர், ஆறேழு தடவை ‘ஹ்யூ ப்யூ’.

ஓலைக்கட்டு ஐயா, நீங்கள் சொன்னபடி பார்த்தால் பட்டியல் தேறாது. அப்படியானால் அந்த ப்ருட் புத்தகத்தை நான் எதற்காகப் படிக்க வேண்டும்? வாங்கியது வீணா?

ஓலைக்கட்டு

வீணில்லை அம்மா. ஆளைத் தேடிப் படிக்காதீர்கள், ஊரைத் தேடிப் படியுங்கள். மெரியோனெத் என்று வருகிற இடத்தில் மட்டும் பென்சிலால் கோடு போடுங்கள். எண்ணிப் பத்திருபது இடம்தான் வரும். அதில் உங்கள் பட்டியலுக்கே ஒரு வேட்டு இருக்கிறது.

1116-ஆம் ஆண்டுப் பதிவைப் பாருங்கள். உக்ட்ரிட் என்பவன் கம்மர் என்ற இடத்தில் ஒரு கோட்டை கட்டுகிறான். மெரியோனெத்தை அவனுக்குக் கொடுத்தவர் பவிஸ் அரச குடும்பத்துக் கட்வகன். கொடுத்தவர் இறந்தபின் அவர் மகன் ஐனியான் வந்து கோட்டையைக் கொளுத்திவிட்டு நிலத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறான். இந்தக் கம்மர் வேறெங்கும் இல்லை, லானெல்டிட்டிலேயே இருக்கிறது. கோட்டை மரத்தால் ஆனது. அது நின்ற மண்மேடு இன்றும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாமனார் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போகிற தூரம்தான்.

அந்தக் காலத்தில் உங்கள் ஊரை ஆண்டது ஓவைனின் க்வினெத் வம்சம் அல்ல, கிழக்கே இருந்து வந்த பவிஸ் வம்சம். க்வினெத்காரர்கள் பிறகுதான் வந்து பிடித்தார்கள். ஓவைனின் மகன் கானன் அங்கே ஆண்டான். கானனின் மகன் மரெடித் 1198-இல் அதே கம்மரில் சிஸ்டர்சியன் துறவிகளுக்கு மடம் கட்டிக் கொடுத்தான். அதன் இடிந்த சுவர்கள் இன்னும் நிற்கின்றன. 1209-இல் லெவெலின் ஆப் இயோர்வெர்த் (கடைசி லெவெலினின் தாத்தா) அந்த மடத்துக்குக் கொடுத்த சாசனத்தில் ஓடை, குன்று, எல்லைக்கல் என்று ஊர்ப்பெயர்கள் வரிசையாக வரும். மாமனார் வீட்டுப் பக்கத்துப் பெயர் ஏதாவது தென்படுகிறதா என்று பாருங்கள். குழந்தைக்கு அதைக் காட்டினால் அரசரைவிடப் பிடிக்கும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்த வட்டாரத்தில் பெரிய நிலக்கிழார் குடும்பம் நன்னை. டொல்கெத்லைக்கு மேலே குன்றில் அவர்கள் மாளிகை இருக்கிறது. பழைய வம்சாவளிகள் எல்லாம் நன்னைக் குடும்பத்தைப் பவிஸ் கட்வகனின் வழி என்றுதான் சொல்கின்றன. கட்வகனின் தகப்பன் ப்ளெதின் ஆப் கன்வின், 1075-இல் கொல்லப்பட்டவர். வரலாற்றில் உள்ள அந்த 1116 பதிவோடு இது பொருந்துகிறது: கட்வகனின் மகன்கள் அங்கே நிலம் பிடித்தார்கள், அவர்கள் வாரிசுகள் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஆக, லானெல்டிட் குடும்பம் ஒன்றுக்கு அரச ரத்தம் தேட வேண்டுமென்றால் இயல்பாகப் போக வேண்டிய திசை ப்ளெதின். உங்கள் பட்டியல் ஓவைனுக்குப் போகிறது. ஏன்? ஓவைன் புகழ்பெற்ற பெயர். ப்ளெதின் ஆப் கன்வினைக் கேட்டு யார் தங்க மைக்குக் காசு கொடுப்பார்கள்?

நன்னை பற்றி ஒரு கொசுறு. ஓவைன் க்ளின்டூர் 1400-இல் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி செய்தபோது நன்னையின் ஹவெல் செலி எதிர்ப்பக்கம் நின்றாராம். சண்டையில் அவரைக் கொன்று பொந்து விழுந்த ஓக் மரத்துக்குள் போட்டுவிட்டார்களாம். மரம் 1813-இல் சாய்ந்தது. கதை எவ்வளவு உண்மையோ, மரம் உண்மை.

பழைய_கிளார்க்

ஓலைக்கட்டு, எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மறுபடியும் நிலக்கிழாரையே சுற்றுகிறீர்கள். ப்யூ குடும்பம் நிலக்கிழாரா, குத்தகைக்காரரா, கூலியா என்று தெரியாமல் ப்ளெதினும் வேண்டாம், ஓவைனும் வேண்டாம். ஊரில் பெரிய வீடு இருந்தால் ஊரே அந்த வீட்டுப் பிள்ளை ஆகிவிடாது.

ஓலைக்கட்டு

அதுவும் சரிதான் சார். சாதாரணக் குடிகளுக்கும் ஓர் ஏடு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

1284-இல் ரித்லன் சட்டம் போட்டு வடக்கு வேல்ஸை மாவட்டங்களாகப் பிரித்த எட்வர்ட், சில ஆண்டுகளில் வரி போட்டார். ஆளுக்கு உள்ள ஆடு, மாடு, தானியம் எல்லாம் மதிப்பிட்டு அதில் ஒரு பங்கு. 1292-93 ஆண்டு வரிச் சுருள் மெரியோனெத்துக்கு ஏறக்குறைய முழுசாகக் கிடைத்திருக்கிறது, 1976-இல் அச்சிலும் வந்தது. அரசன் பெயர் இல்லை, பாணன் புகழ்ச்சி இல்லை. ஊர் ஊராக, வரி கட்டியவன் பெயர், தொகை. இன்னார் மகன் இன்னார், தச்சன், குட்டையன், சிவந்தவன், விதவை என்று அடையாளம். வேல்ஸில் இவ்வளவு பழைய காலத்துக் குடியானவர்களை இப்படிக் கூட்டமாகப் பார்க்கிற இடம் அபூர்வம்.

அப்புறம் மறுபடியும் வரலாற்றைத் திறங்கள். 1294-இல் வடக்கு வேல்ஸ் கொதித்தெழுகிறது. தலைமை தாங்கியவன் மடோக் ஆப் லெவெலின், மெரியோனெத்தின் பழைய ஆட்சிக் குடும்பத்துப் பிள்ளை. ஓவைன் க்வினெத்தின் வழி. அவன் தகப்பனைத்தான் 1256-இல் அந்தக் கடைசி இளவரசர் லெவெலின் நாட்டைவிட்டு விரட்டினார். கிளர்ச்சிக்கு ஒரு பெரிய காரணம் அந்த வரி. கட்டி முடியாத கார்னார்வன் கோட்டையையே பிடித்துவிட்டார்கள். 1295 மார்ச்சில் மைஸ் மொய்டொக்கில் தோற்றார்கள். வரிச் சுருளில் பெயர் போட்ட அதே மனிதர்கள், அடுத்த ஆண்டே ஈட்டி எடுத்தவர்கள். அரச வரலாற்றை மூடி வைத்துவிட்டு வரிச் சுருளை மட்டும் பார்த்தால் அது வெறும் பெயர்ப் பட்டியல். சுருளைப் பார்க்காமல் வரலாற்றைப் படித்தால் மடோக் யாரை வைத்துச் சண்டை போட்டான் என்றே தெரியாது.

கணக்கு_வாத்தியார்

அந்தச் சுருளில் லானெல்டிட் வட்டாரத்தில் வரி கட்டி, வாரிசும் தங்கிய ஆட்களில் பெரும்பாலோர் உங்கள் கணவருக்கு முன்னோராக இருக்க வாய்ப்பு உண்டு, தேன்மொழி. எந்தக் கோட்டின் வழியாக என்று மட்டும் என்றைக்கும் தெரியப் போவதில்லை.

ஸ்வான்சி_டாக்டர்

போலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற ‘வேல்ஸ் அரச வரலாறு’ எல்லாவற்றையும் நம்பிவிட வேண்டாம். 18-ஆம் நூற்றாண்டில் கிளமார்கனில் எட்வர்ட் வில்லியம்ஸ் என்று ஒரு கல்தச்சர், இயோலோ மார்கனக் என்ற புனைபெயரில் பிரபலம். மகா மேதை, கஞ்சியைப் போல் லாடனம் (அபின் கலந்த மருந்து) குடித்தவர். பழைய சுவடிகளை நிஜமாகவே தேடிப் படித்தவர். கிடைக்காததைத் தானே எழுதிப் பழையது என்று சேர்த்தவர். ‘அபெர்பெர்க்வம் ப்ருட்’ என்று ஓர் இளவரசர் வரலாறு முழுவதும் அவர் கைவேலை. அது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிஜ வரலாறுகளோடு சேர்ந்து அச்சாகிவிட்டது, அதை நம்பிப் பலர் வம்சம் எழுதினார்கள். தெற்குப் பக்கம், குறிப்பாக கிளமார்கன் சம்பந்தமான விவரம் எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் சந்தேகப்படுவது நல்லது. உங்களுக்கு வடக்கு, ஓரளவு தப்பித்தீர்கள்.

நம்பக்கூடியது வேண்டுமென்றால் பீட்டர் பார்ட்ரம் தொகுத்த வேல்ஸ் வம்சாவளிகள். வானிலைத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே சுவடிகளை ஒப்பிட்டுத் தொகுத்தார். கி.பி. 300 முதல் 1400 வரை எட்டு தொகுதி, 1400 முதல் 1500 வரை பதினெட்டு. அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத் தளத்தில் படிக்கலாம். ஆனால் அதில் இருப்பவர்கள் நிலம் வைத்திருந்தவர்கள் மட்டுமே. அதற்கு அடுத்த காலத்துக்கு லூயிஸ் டன் என்ற பாணர் 1586-லிருந்து 1613 வரை வீடு வீடாகப் போய் எழுதிய பட்டியல்கள். குடும்பத் தலைவர் கையெழுத்தும் போடுவார், காசும் கொடுப்பார். காசு கொடுத்தவர் சொன்னதை எழுதியிருப்பார் என்பதையும் மனதில் வையுங்கள்.

பொடிநடை

ஆக, தங்க மை வியாபாரம் 1586-லேயே ஓடியிருக்கிறது.

தேன்மொழி_கார்டிஃப்

போன வாரம் மாமனார் வீட்டில்தான் இருந்தோம். கிளார்க் ஐயா சொன்னபடி கீழிருந்து தொடங்கினேன். கணக்கெடுப்புகளில் 1841 வரை எளிதாகப் போனது. தேவாலயப் பதிவேட்டில்தான் இடித்தது. மனைவி பெயர் ‘லௌரி ஜோன்ஸ்’ என்று வருகிறது, கணவர் ராபர்ட் ப்யூ. இரண்டாம் கல்யாணமோ என்று குழம்பினேன்.

பிறகு தேசிய நூலகத் தளத்தில் ஒரு உயில் கிடைத்தது. ராபர்ட்டின் அப்பா என்று நினைக்கிறேன், ‘ஹ்யூ ஜான் இவான்’ என்று இருக்கிறார். நோட்டு இல்லை, நகை இல்லை. ஒரு குதிரை, சில கறவை மாடு, ஆடுகள், ஒரு பித்தளை அண்டா, படுக்கை. ‘என் மகன் ராபர்ட் ப்யூவுக்கு’ என்று ஒரு வரி. கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டிருக்கிறார். கடைசியில் நிலத்தைப் பற்றி, நன்னைக்காரர்களிடம் பிடித்திருக்கும் குத்தகை என்று வருகிறது.

அந்த இடத்தில் மாமனார் கண்ணாடியை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "அப்படியென்றால் நாம் நன்னைக் குடும்பம் இல்லை, நன்னைக்கு வாடகை கட்டிய குடும்பம்" என்றார். கோபம் எதுவும் இல்லை. அந்தப் பித்தளை அண்டா யார் வீட்டில் இருக்கும் என்றுதான் சாயங்காலம் முழுக்க அத்தையோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார்.

பழைய_கிளார்க்

அருமையான உயில் அம்மா. ஒரே தாளில் மூன்று தலைமுறை: இவான், அவர் மகன் ஜான், அவர் மகன் ஹ்யூ. நான்காவதாக ராபர்ட். ‘ப்யூ’ என்ற பெயர் பிறந்தது ராபர்ட்டோடுதான். 1500-லிருந்து ப்யூ என்று போட்டவர் ஊருக்குள்ளேயே வரவில்லை என்று எழுதிக் கொடுக்கலாம்.

லௌரி ஜோன்ஸ் இரண்டாம் மனைவி ஆக வேண்டியதில்லை. வேல்ஸில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே பதிவானது சகஜம், 19-ஆம் நூற்றாண்டு வரை பார்க்கலாம். தேடுகிறவனுக்கு அது பெரிய வரம். இங்கிலாந்தில் பெண் வழியைத் தேடினால் பாதியில் நூல் அறுந்துவிடும்.

குத்தகை என்று தெரிந்ததும் வேலை சுலபம். நன்னை எஸ்டேட் ஆவணங்கள் பாங்கர் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வாடகைக் கணக்கு, குத்தகை ஒப்பந்தம் எல்லாம் கேட்டுப் பாருங்கள். 1840-களின் தசமபாக (தேவாலயத்துக்கான பத்தில் ஒரு பங்கு வரி) வரைபடங்களும் உண்டு. வயல் வயலாக எண் போட்டு, சொந்தக்காரர் யார், பயிரிடுபவர் யார், வயலின் பெயர் என்ன என்று அட்டவணை. வேல்ஸ் முழுமைக்கும் தேசிய நூலகத் தளத்தில் பார்க்கலாம்.

ஓலைக்கட்டு

தங்க மைக் கோட்டுக்கும் விடை கிடைத்துவிட்டது போலிருக்கிறது. பட்டியல் வரைந்தவர் வட்டாரத்து நிலக்கிழார் வம்சத்தில் ஒன்றை எடுத்து உச்சியில் ஒட்டியிருக்கிறார், அதிலும் பிரபலமான அரசராகப் பார்த்து மாற்றியிருக்கிறார். இங்கிலாந்தை ஆண்ட டியூடர்களே இதைத்தான் செய்தார்கள். அவர்களுடைய நிச்சயமான முன்னோர் எட்னவெத் வஹன், லெவெலின் ஆப் இயோர்வெர்த்தின் அமைச்சர், 1246-இல் இறந்தவர். அரசர் அல்ல, உயர் அதிகாரி. ஏழாம் ஹென்றி 1485-இல் போஸ்வொர்த் போர்க்களத்துக்கு வந்தபோது பிடித்த கொடி மட்டும் பழைய வேல்ஸ் அரசர் கட்வலாடரின் சிவப்பு டிராகன்.

மகளின் படத்துக்கு ஒரு யோசனை. மேலே பெயர் தெரியாத இடத்தில் பொய்யாகக் கிளை வரைய வேண்டாம். ஊரின் வரைபடத்தை வரையச் சொல்லுங்கள்: கம்மர் மண்மேடு, மடம், நன்னை, குத்தகை நிலம். கீழே ஹ்யூ ஜான் இவானிலிருந்து மரம் தொடங்கட்டும்.

தேன்மொழி_கார்டிஃப்

ஏற்கெனவே வரைந்தாயிற்று ஐயா. மண்மேட்டின் மேல் எரிகிற கோட்டைதான் படத்திலேயே பெரிசு. இளவரசிப் பேச்சு நின்றுவிட்டது, இப்போது ஐனியான் ஏன் கொளுத்தினான் என்று கேள்வி.

இன்னொரு சந்தேகம். தேசிய நூலகத் தளத்திலேயே 1730 முதல் 1830 வரை வேல்ஸ் நீதிமன்றக் குற்ற வழக்குகளைத் தேடும் பகுதி ஒன்று இருக்கிறதே, அதில் மெரியோனெத் என்று போட்டுப் பார்த்தேன். ஆடு திருடிய வழக்கில் ஒரு ப்யூ அகப்பட்டிருக்கிறார். எங்கள் ஆளா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மாமனார் ஆவலாக இருக்கிறார்.

பொடிநடை

அரசர் போனால் என்ன, ஆட்டுத் திருடர் வந்துவிட்டார்.

பழைய_கிளார்க்

அந்தப் பதிவில் குற்றம் சாட்டப்பட்டவரின் ஊரும் தொழிலும் போட்டிருக்கும், முதலில் அதைப் பாருங்கள். லானெல்டிட் என்று இருந்தால் ஆட்டின் சொந்தக்காரர் யார் என்றும் பார்த்து இங்கே எழுதுங்கள். நன்னை ஆடாக இருந்தால் வாடகைக் கணக்கில் அந்த ஆண்டு நிலுவை காட்டுகிறதா என்று பாங்கரில் கேட்கலாம்.